ஒரு மணி நேரத் துப்பறிவாளர்கள்: ஹோம்ஸ், சார்லி சான், ஃபால்கன் வட்டுத் தொகுப்புகள்

டார்ட்மூர் சிறையில் ஒரு கைதி செய்த மூன்று இசைப்பெட்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. மூன்றும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் சில ஸ்வரங்கள் மட்டும் மாறி ஒலிக்கின்றன. திருடுபோன ஐந்து பவுண்டு நோட்டு அச்சுத் தகடுகள் எங்கே இருக்கின்றன என்ற செய்தி அந்த மாற்றத்துக்குள்தான் மறைந்திருக்கிறது. 1946-ல் வெளியான ‘டிரெஸ்ட் டு கில்’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் படம் முழுவதும் இந்த ஒரு நுட்பத்தின்மேல்தான் நிற்கிறது. ஐம்பது பழைய படங்களை ஒரே பெட்டியில் அடைத்து விற்ற ஒரு மலிவான டிவிடி தொகுப்பில்தான் இதை நான் முதலில் பார்த்தேன். அந்தப் பதிப்பின் ஒலித்தடத்தில் இரைச்சல் இருந்ததோடு, சுருதியே நிலைகொள்ளாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஹோம்ஸ் காதைத் தீட்டிக் கேட்டு வேறுபாட்டைப் பிடித்துவிட்டபோதும், எனக்கு மூன்று பெட்டிகளும் ஒன்றுபோலக் கெட்டுப்போனவையாகத்தான் கேட்டன. பல ஆண்டுகள் கழித்து, மறுசீரமைக்கப்பட்ட ப்ளூ-ரே பதிப்பில் அதே காட்சி வந்தபோது, மெட்டு விலகும் இடம் முதல் தடவையிலேயே காதில் விழுந்தது. அன்றுதான் நான் அந்தப் படத்தை உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தொடர் தொடராக எடுத்துத் தள்ளிய துப்பறியும் படங்களை நான் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். இந்தச் சேகரிப்பில் காசு செலவழிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அட்டையில் டிவிடி என்று போட்டிருக்கிறதா, ப்ளூ-ரே என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்த வட்டு எந்தப் படச்சுருளிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நல்ல மூலச்சுருளிலிருந்து எடுத்த சாதாரண டிவிடி, தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்த ப்ளூ-ரேயைவிடப் பல மடங்கு மேலானது. கீழே நான் மதிப்பிட்டிருக்கும் தொகுப்புகள் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

இந்தப் படங்களின் சுருள்கள் ஏன் இப்படிச் சீரழிந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த வட்டை நம்பலாம் என்பதும் விளங்கிவிடும். அக்காலத்துத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டுவார்கள். பெரிய நட்சத்திரங்கள் நடித்த முதல் படத்தின் வசூலில் ஸ்டுடியோவுக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாவதாக ஓடும் பி-படத்துக்கோ நிலையான வாடகைதான். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வருமானம் கூடாது என்பதால், 60 முதல் 75 நிமிடங்களுக்குள், ஏற்கெனவே நிற்கும் அரங்குகளில், சில வாரங்களில் எடுத்து முடித்துவிடுவார்கள். 1950-களில் ஸ்டுடியோக்கள் இவற்றைத் தொலைக்காட்சிக்கு மொத்தமாக விற்றன. 35 மி.மீ. சுருளிலிருந்து 16 மி.மீ. பிரதிகள் எடுக்கப்பட்டு, நிலையம் நிலையமாகச் சுற்றின. விளம்பரங்களுக்கு இடம் விடக் காட்சிகள் வெட்டப்பட்டன. ஆர்கேஓ ஸ்டுடியோவின் படங்கள் சி அண்டு சி என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தபோது, தொடக்கத்தில் வரும் வானொலிக் கோபுரச் சின்னத்தையே எடுத்துவிட்டுத் தங்கள் சின்னத்தை ஒட்டிக்கொண்டார்கள். இன்று மலிவு வட்டுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தொலைக்காட்சிப் பிரதிகளின் பிரதிகளைத்தான்.

இதோடு பதிப்புரிமைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு படத்தின் பதிப்புரிமையை 28-ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அதை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். பேசில் ராத்போன் நடித்த ஹோம்ஸ் படங்களில் ‘சீக்ரெட் வெப்பன்’, ‘தி வுமன் இன் கிரீன்’, ‘டெரர் பை நைட்’, ‘டிரெஸ்ட் டு கில்’ ஆகிய நான்கும் இப்படித்தான் பொதுவுக்கு வந்தன. ஆகவேதான் எந்த மலிவுப் பெட்டியைத் திறந்தாலும் இந்த நான்கும் இருக்கும், மற்ற பத்தும் இருக்காது. ஒரு படம் எல்லா இடங்களிலும் கிடைக்கிறது என்பது அதன் நல்ல பதிப்பைத் தேடுபவருக்கு எச்சரிக்கையே தவிர வசதி அல்ல.

ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் டாக்டர் வாட்சனாகவும் நடித்தவை மொத்தம் 14 படங்கள். 1939-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்த முதல் இரண்டும் விக்டோரியா காலத்துக் கதைகள், பி-படங்கள் என்று சொல்ல முடியாத அளவுக்குச் செலவு செய்து எடுக்கப்பட்டவை. 1942 முதல் 1946 வரை யுனிவர்சல் எடுத்த 12 படங்கள்தான் அசல் தொடர். அவற்றில் முதல் படம் நீங்கலாக 11 படங்களை ராய் வில்லியம் நீல் என்ற ஒரே இயக்குநர் எடுத்தார். இந்தப் பன்னிரண்டையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் யூசிஎல்ஏ திரைப்படக் காப்பகம் எஞ்சிய மூலச்சுருள்களைத் தேடிச் சேர்த்து மறுசீரமைத்தது. செலவுக்கு உதவியவர்களில் ‘பிளேபாய்’ இதழை நிறுவிய ஹியூ ஹெஃப்னரும் ஒருவர். 2003 முதல் டிவிடிகளாக வெளியிட்ட எம்பிஐ நிறுவனமே, 2011-ல் 14 படங்களையும் ஐந்து ப்ளூ-ரே வட்டுகளில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

காரணத்தை ஒரு காட்சியைக் கொண்டு சொல்கிறேன். 1944-ல் வந்த ‘தி ஸ்கார்லெட் க்ளா’ படத்தின் கதை கனடாவில், லா மோர் ரூஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் நள்ளிரவில் தேவாலய மணி விடாமல் அடிக்கிறது. போய்ப் பார்த்தால் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே ஒரு பெண் இறந்துகிடக்கிறாள். ஊரைச் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தில் ஒளிரும் உருவம் ஒன்று நடமாடுவதாக மக்கள் அஞ்சுகிறார்கள். படத்தில் பாதிக்கு மேல் மூடுபனிதான். மட்டமான பிரதியில் பனி வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதன் நடுவே ஒளிரும் உருவமும் வெள்ளைத் திட்டாகவே வரும், பார்ப்பவருக்கு அச்சம் தோன்ற வாய்ப்பே இல்லை. இந்த ப்ளூ-ரேயில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சாம்பல் நிறம் படிப்படியாக விரிகிறது. பனிக்குள் மரங்கள் முன்னும் பின்னுமாக நிற்பது தெரிகிறது. எங்கே பனி முடிகிறது, எங்கே அந்த உருவம் தொடங்குகிறது என்று கண் பிரித்துப் பார்க்கிறது. குறைந்த செலவில் எடுத்ததை மறைப்பதற்காகத்தான் நீல் இவ்வளவு பனியைப் பரப்பியிருக்கிறார் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். நல்ல பிரதியைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். ஒளியமைப்பில் இந்தப் படம் அன்றைய பெரிய படங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

இந்தத் தொகுப்பிலும் குறைகள் உண்டு. படத்துக்குப் படம் தெளிவு மாறுபடுகிறது. சில இடங்களில் கீறல்களும், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும்போது ஏற்படும் மங்கலும் அப்படியே இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலச்சுருளே கிடைக்காத இடத்தில் வேறு பிரதியிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கும்போது அந்தத் தடம் தெரிவதுதான் நேர்மை. கணினியைக் கொண்டு சுரண்டி வழவழப்பாக்கி, நடிகர்களின் முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடும் பதிப்புகளைவிட, படச்சுருளின் துகள் தெரியும் இந்தப் பதிப்பு எனக்கு உகந்தது. காப்பகத்தின் ராபர்ட் கிட் மறுசீரமைப்பு நடந்த விதத்தை விளக்கும் இணைப்பும் வட்டில் உண்டு. படங்களைப் பார்க்கும் முன்பே அதைப் பார்த்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன்.

அடுத்து, என் அலமாரியில் அதிக இடம் பிடித்திருக்கும் சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர். 2006 முதல் 2008 வரை ஃபாக்ஸ் நிறுவனம் ஐந்து டிவிடி பெட்டிகளாக வெளியிட்ட இந்தத் தொடரைப் பற்றிக் கணக்குப் போட்டுச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட் 1931 முதல் 1937 வரை 16 படங்களில் சானாக நடித்தார். அவற்றில் நான்கு படங்களின் சுருள் இன்று உலகில் எங்கும் இல்லை. மிஞ்சியது 12. முதல் மூன்று பெட்டிகளிலும் பெட்டிக்கு நான்காக அந்தப் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஓலண்ட் 1938-ல் இறந்த பிறகு சிட்னி டோலர் ஃபாக்ஸுக்காக நடித்த 11 படங்களில் நான்கு நான்காம் பெட்டியிலும், ஏழு ஐந்தாம் பெட்டியிலும் உள்ளன. ஆக, ஃபாக்ஸ் தயாரிப்பில் மிஞ்சிய சான் படம் ஒன்றுகூட விடுபடவில்லை. துப்பறியும் பி-படத் தொடர்களில் இப்படித் தொடங்கிய வேலையை முடித்துக் கொடுத்த வெளியீடு மிக அரிது.

தொலைந்துபோன நான்கில் முதலாவது ‘சார்லி சான் கேரீஸ் ஆன்’. ஆனால் அதே ஆண்டில் அதே கதையை ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்காக வேறு நடிகர்களைக் கொண்டு ‘எரான் டிரேசே’ என்ற பெயரில் எடுத்திருந்தார்கள்; அந்தப் படம் பிழைத்துக்கொண்டது. மானுவேல் ஆர்போ சானாக நடித்த அந்தப் படத்தை முதல் பெட்டியில் சேர்த்திருக்கிறார்கள். மூலம் அழிந்து மறுவடிவம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், இந்த ஒரு படத்துக்காகவே நான் முதல் பெட்டியை வாங்கியிருப்பேன். ஹோனலூலு காவல் துறையில் பணியாற்றிய சாங் அபானா என்ற, சான் பாத்திரத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் உண்மையான துப்பறிவாளரைப் பற்றிய ஆவணப்படமும் இத்தொகுப்பில் இருக்கிறது.

வரிசையாகப் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டிகளின் எண் வரிசை, படங்கள் வெளியான வரிசை அல்ல. ஓலண்ட் நடித்தவற்றில் மிஞ்சிய மிகப் பழைய படமான ‘தி பிளாக் கேமல்’ மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. 1931-ல் ஹவாய் தீவுக்கே போய் எடுத்த படம் அது. ‘டிராகுலா’ புகழ் பேலா லுகோசியும் நடித்திருக்கிறார். ஐந்து பெட்டிகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். போரிஸ் கார்லாஃப் பைத்தியம் பிடித்த பாடகராக வரும் 1936-ஆம் ஆண்டின் ‘அட் தி ஆப்பரா’ அதில் இருக்கிறது. அந்தப் படத்துக்கென்றே ஆஸ்கர் லெவன்ட் ஓர் இசைநாடகத்தை எழுதிக் கொடுத்தார். பெர்லின் ஒலிம்பிக்கில் நடக்கும் 1937-ஆம் ஆண்டுப் படமும் அதே பெட்டியில் உண்டு. சான் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் பறந்து பெர்லின் போகிறார். படம் திரைக்கு வந்ததோ 1937 மே மாதம், அந்தக் கப்பல் நியூ ஜெர்சியில் எரிந்து விழுந்த அதே மாதம். முதலில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

சான் படங்களைப் பரிந்துரைக்கும்போது மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்தத் தொடரில் சீனத் துப்பறிவாளராக நடித்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். ஒப்பனையும் உடைந்த ஆங்கிலமும் பல ஆசிய அமெரிக்கர்களை இன்றும் புண்படுத்துகின்றன. 2003-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அறிவித்த சான் திரைப்பட வரிசை அவர்களின் எதிர்ப்பால் முதலில் கைவிடப்பட்டு, பின்னர் கலந்துரையாடல்களோடு ஒளிபரப்பானது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதே சமயம், மூத்த மகன் லீயாக நடித்த கீ லூக், சீனாவில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்தவர். அவர் வாயில் உடைந்த ஆங்கிலம் கிடையாது, கோமாளித்தனமும் எந்த அமெரிக்கக் கல்லூரி மாணவனுக்கும் உரியதுதான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இருக்கும் பாசம் இந்தத் தொடரின் உயிர். வேண்டியதையும் வேண்டாததையும் பார்ப்பவர் தாமே எடை போட வேண்டும். அதற்கும் படங்கள் கிடைத்தாக வேண்டும்.

1942-ல் ஃபாக்ஸ் தொடரை நிறுத்தியதும், டோலர் தாமே திரைப்பட உரிமையைப் பெற்று மோனோகிராம் என்ற சிறிய ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே அவரும், பின்னர் ரோலண்ட் வின்டர்ஸும் நடித்தவை 17 படங்கள். எம்ஜிஎம் 2004-ல் ஆறு படங்களையும், வார்னர் 2010-ல் நான்கு படங்களையும் பெட்டிகளாக வெளியிட்டன. முழுமை வேண்டும் என்பவர்கள் மட்டும் வாங்கினால் போதும். கார் ஓட்டுநர் பர்மிங்காமாக வரும் மான்டன் மோர்லண்டின் நகைச்சுவை நேர உணர்வுக்காக நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு, கதைகள் வலுவில்லாதவை.

பீட்டர் லோர் ஜப்பானியத் துப்பறிவாளராக நடித்த மிஸ்டர் மோட்டோ தொடரின் எட்டுப் படங்களையும் ஃபாக்ஸ் இரண்டு பெட்டிகளில் தந்திருக்கிறது. சான் ரசிகர்கள் ‘மிஸ்டர் மோட்டோஸ் கேம்பிள்’ படத்தைத் தவறவிடக் கூடாது. அது சான் படமாகத்தான் தொடங்கப்பட்டது; ஓலண்ட் பாதியில் விலகிப் போனதால் கதையை மாற்றி மோட்டோ படமாக முடித்தார்கள். அதனால்தான் சானின் மகன் லீ அதில் திடீரென்று வந்து நிற்கிறான்.

ஃபால்கன் என்ற பட்டப்பெயர் கொண்ட துப்பறிவாளரின் தொடருக்கு வருவோம். ஆர்கேஓ 1941 முதல் 1946 வரை எடுத்த 13 படங்களை வார்னர் நிறுவனத்தின் பழைய பட வெளியீட்டுப் பிரிவான வார்னர் ஆர்க்கைவ் ஏழும் ஆறுமாக இரண்டு தொகுதிகளில் வெளியிட்டது. ஜார்ஜ் சாண்டர்ஸ் மூன்று படங்களில் நடித்துச் சலித்துப்போய், ‘தி ஃபால்கன்ஸ் பிரதர்’ என்ற நான்காவது படத்தில் தன் சொந்த அண்ணன் டாம் கான்வேயிடம் தொடரை ஒப்படைத்துவிட்டு விலகினார். மேலும், ரேமண்ட் சாண்ட்லரின் நாவலைத் தழுவி எடுத்த மூன்றாவது படம், அதே நாவலை வைத்து 1944-ல் எடுத்த புகழ்பெற்ற படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. படப்பதிவு நன்றாகவே இருக்கிறது. ஆர்கேஓவின் நிழல்கள் அடர்த்தியாக, கறுப்பு கறுப்பாகவே வருகிறது. கூடுதல் இணைப்புகளை எதிர்பார்த்து வாங்காதீர்கள். படத்தை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

2009-ல் தொடங்கிய வார்னர் ஆர்க்கைவ், கேட்பவருக்குக் கேட்டபோது வட்டை எழுதிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் விற்காத படங்களும் இதனால் வெளியே வந்தன என்பதால் இந்த முறைக்குச் சேகரிப்பாளர்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எழுதும் வட்டுகளின் இயல்பை மட்டும் அறிந்திருக்க வேண்டும். ஆலையில் அச்சடித்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். எழுதும் வட்டில் சாயப்படலம் இருப்பதால் ஊதா சாயல் தெரியும். அந்தச் சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஆகாது. வேறொரு வெளியீட்டாளரிடமிருந்து வாங்கிய இத்தகைய வட்டு ஒன்று, ஆறாவது ஆண்டில் படத்தின் கடைசி இருபது நிமிடங்களைப் படிக்க மறுத்தது. கொலையாளி யார் என்று தெரியும் இடத்துக்குச் சற்று முன்னால் படம் உறைந்து நின்றது. அன்றிலிருந்து எழுதும் வட்டு எதுவாக இருந்தாலும், வந்த அன்றே கடைசி வரை ஓடவிட்டுப் பார்ப்பதையும், வெளிச்சம் படாத இடத்தில் நிமிர்த்தி வைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

என் மனக்குறை ஒன்று மைக்கேல் ஷேன் என்ற தனியார் துப்பறிவாளரின் படங்களைப் பற்றியது. லாயிட் நோலன் 1940 முதல் 1942 வரை ஃபாக்ஸுக்காக நடித்த ஏழு ஷேன் படங்களில் நான்கு, 2007-ல் ஒரே பெட்டியில் வந்தன. படப்பதிவு அருமை, நோலனின் பேச்சு வேகத்துக்கு ஈடு சொல்ல ஆளில்லை. பெட்டியின் முதுகில் ‘தொகுதி 1’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதே வரிசையில் இரண்டாம் தொகுதி வரவேயில்லை. சான் தொடரை முழுமையாகத் தந்த அதே ஃபாக்ஸ் இதை நடுவில் நிறுத்தியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் அந்த நான்கு படங்களுக்காகவே பெட்டி வாங்கத் தகுந்தது.

சான், மோட்டோ, ஷேன் பெட்டிகளெல்லாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்பதால் பெரும்பாலும் கைமாறியே கிடைக்கும். பெட்டியின் அழகைப் பார்த்து வாங்காமல், உள்ளே எல்லா வட்டுகளும் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வட்டு குறைந்தாலும் அதைத் தனியாக வாங்க வழியில்லை. டிவிடிகள் விற்கும் நாட்டைப் பொறுத்து மண்டலங்களாகப் பூட்டப்பட்டவை; அமெரிக்க டிவிடிகள் முதல் மண்டலத்துக்கு உரியவை. எல்லா மண்டலங்களையும் படிக்கும் இயக்கி இல்லாமல் வாங்கிவிட்டால் வட்டு அலமாரியில்தான் இருக்கும். ஐரோப்பியப் பதிப்பை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) எடுத்த படத்தைப் பழைய ஐரோப்பிய டிவிடிகள் 25 சட்டங்களாக ஓட்டும். 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியைச் சரிசெய்யாத வட்டுகளில் குரல்களும் அரைச் சுருதிக்குச் சற்றே குறைவாக ஏறி ஒலிக்கும். ராத்போனின் ஆழ்ந்த குரலைக் கேட்டுப் பழகியவருக்கு அந்த வேறுபாடு முதல் வசனத்திலேயே தெரிந்துவிடும்.